எக்ஸ்ரேயில் ஒன்றுமில்லை, கை மட்டும் வலிக்கிறது

கடலூர் மஞ்சக்குப்பத்து அரசு மருத்துவமனையானாலும் சரி, புதுச்சேரி கோரிமேட்டு ஜிப்மரானாலும் சரி, எலும்பு பிரிவு வரிசையில் கொஞ்ச நேரம் நின்றால் ஒரு பேச்சு கட்டாயம் காதில் விழும். "எக்ஸ்ரே நார்மல்னு சொல்லிட்டாங்க, ஆனா கையைத் தூக்க முடியல." படத்தில் ஒன்றுமில்லை என்றதும் வீட்டில் இருப்பவர்களுக்கு அது வெறும் அசதி. வலிக்கிறவருக்கோ, பெரிசா ஏதோ இருக்கு, இவங்களுக்குத் தெரியல என்ற பயம். இரண்டும் சரியில்லை. எக்ஸ்ரே காட்டுவது எலும்பை. தோள் மூட்டைச் சுற்றியிருக்கும் உறை, "ஜவ்வு" என்று பேச்சில் சொல்கிற தசைநாண்கள், கழுத்திலிருந்து விரல் நுனி வரை ஓடும் நரம்பு இவையெல்லாம் அதில் தெரியாது. காரணம் தெரியாத கைவலி என்று சொல்லப்படுவதில் பெரும்பாலானவற்றுக்குக் காரணம் உண்டு. வலி எங்கே, எப்போது, எப்படி என்ற மூன்றும் சேர்ந்தால்தான் அது பிடிபடும்.

அதற்கு முன், காத்திருக்கக் கூடாதவை.

இடது தோள், கை, தாடை, முதுகின் மேல்பகுதி இவற்றில் பாரமாக அழுத்தி, வியர்த்து, மூச்சு வாங்கினாலோ வாந்தி வருவதுபோல் இருந்தாலோ 108. "வாய்வு" என்று சோடா குடித்துவிட்டுப் படுக்க வேண்டாம். சர்க்கரை உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சில் வலியே இல்லாமல் கை, தோள், தாடையில் மட்டும் மாரடைப்பின் அறிகுறி வரலாம். ஒரு அடையாளம் கைகொடுக்கும்: கையை எப்படி அசைத்தாலும் வலி மாறவில்லை, ஆனால் மாடிப்படி ஏறினால் வருகிறது, நின்றால் அடங்குகிறது என்றால் அது தோள் வலி இல்லை. அன்றைக்கே ஈ.சி.ஜி. எடுக்க வேண்டும்.

அதேபோல் சட்டைப் பொத்தான் போட விரல் தடுமாறுகிறது, டம்ளர் நழுவுகிறது, நடையும் தள்ளாடுகிறது என்றால் கழுத்தில் தண்டுவடம் நசுங்குகிறதா என்று உடனே பார்க்க வேண்டும். காய்ச்சலோடு மூட்டு சுட்டு வீங்கினால், விழுந்த பிறகு கை மேலே எழும்பவே இல்லையென்றால், கை முழுக்க வீங்கி நீலம் பாரித்தால், அவையும் அன்றைக்கே. புகைப்பவருக்குத் தோளிலிருந்து சுண்டுவிரல் பக்கமாக வலி இறங்கி, எடையும் குறைந்து, ஒரு கண்ணின் இமையும் சரிந்திருந்தால் நுரையீரலின் உச்சியைப் படமெடுத்துப் பார்க்கச் சொல்லிக் கேளுங்கள். வலது தோள்பட்டையில் மட்டும், அதுவும் எண்ணெய்ப் பலகாரம் சாப்பிட்ட பிறகு வருகிற வலி பித்தப்பையிலிருந்து வரலாம். ஒரு பக்கம் மட்டும் தோல் எரிந்து, இரண்டு மூன்று நாளில் கொப்புளம் கிளம்பினால் அது அக்கி. கொப்புளம் வந்த 72 மணி நேரத்துக்குள் மாத்திரை தொடங்கினால் பலன் அதிகம். அக்கிக்கு மேலே காவி எழுதிக்கொண்டு காத்திருந்தால் அந்த நேரம் போய்விடும்.

இவை எதுவும் இல்லையா? அப்படியானால் நிதானமாகத் தேடலாம்.

வலிக்கு நம்மிடம் இருக்கும் சொற்கள்

டாக்டர் "எப்படி வலிக்குது?" என்று கேட்டால், "ரொம்ப வலிக்குது சார்" என்று சொல்லி நிறுத்திவிடுகிறோம். நம் பேச்சிலேயே வலியைப் பிரித்துச் சொல்லும் சொற்கள் நிறைய இருக்கின்றன. குடைச்சல் என்பது ஆழத்தில், எலும்புக்குள் திருகுவதுபோல். மூட்டு உறையும் தசைநாணும் அப்படித்தான் வலிக்கும், இரவில் கூடும். எரிச்சல், சுருக்கென்று மின்சாரம் பாய்வது, மதமதப்பு, எறும்பு ஊர்வது இவையெல்லாம் நரம்பின் பாஷை. உளைச்சல் பெரும்பாலும் தசை, வேலை முடிந்த பிறகு வரும், ஓய்வில் குறையும். இழுத்துப் பிடிப்பது கழுத்துக்கும் தோளுக்கும் நடுவில் இருக்கிற பட்டைத் தசையின் வேலை. இந்தச் சொற்களை அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். "பெயின்" என்று ஒரே சொல்லில் மொழிபெயர்க்கும்போது பாதித் தகவல் போய்விடுகிறது.

ஏழு நாளைக்கு ஒரு காலண்டர் தாளின் பின்பக்கம் போதும். வலி கூடின நேரம், இடம், மேலே சொன்ன சொல், அப்போது செய்துகொண்டிருந்த வேலை, 0 முதல் 10 வரை ஓர் எண். இடத்தைச் சொல்ல ஒற்றை விரலால் தொட்டுக் காட்டிப் பாருங்கள். ஒரு விரலால் காட்ட முடிந்தால் தசைநாணோ சின்ன மூட்டோ. உள்ளங்கையால் தடவித்தான் காட்ட முடிகிறது என்றால் வலியின் ஊற்று வேறு எங்கோ இருக்கிறது, பெரும்பாலும் கழுத்தில்.

எந்த விரல் மரக்கிறது என்பதைத் தவறாமல் எழுதுங்கள். கட்டைவிரல் பக்கம் என்றால் கழுத்தின் ஆறாவது நரம்பு, நடுவிரல் ஏழாவது, சுண்டுவிரல் எட்டாவது. கட்டைவிரலிலிருந்து நடுவிரல் வரை மரத்து, இரவு இரண்டு மணிக்கு எழுந்து கையை உதறினால் சரியாகிறது, சுண்டுவிரலுக்கு மட்டும் ஒன்றுமில்லை என்றால் நரம்பு நசுங்குவது மணிக்கட்டில். அந்த வலி தோள் வரை ஏறும். அதனால்தான் பலர் தோளுக்கு மாதக்கணக்கில் தைலம் தேய்த்துக்கொண்டிருக்கிறார்கள். மோதிரவிரல், சுண்டுவிரல் இரண்டும் மரத்து, போனைக் காதில் வைத்து முழங்கையை மடக்கியிருந்தால் கூடுகிறது என்றால் முழங்கையின் உட்பக்கம் ஓடும் நரம்பைச் சந்தேகப்படுங்கள்.

கண்ணாடி முன் நின்று

வலி தோளிலா கழுத்திலா என்று பிரிக்க இரண்டு நிமிடம் போதும்.

இரண்டு முழங்கையையும் விலாவோடு ஒட்டி, 90 பாகைக்கு மடக்கி, கட்டைவிரல் மேலே பார்க்கும்படி கைகளை முன்னால் நீட்டுங்கள். முழங்கை விலாவைவிட்டு விலகாமல், இரட்டைக் கதவு திறப்பதுபோல் கைகளை வெளிப்பக்கம் திறக்க வேண்டும். நல்ல கை தாராளமாகத் திறக்கும். கெட்ட கை பாதியில் நின்றுவிட்டால் வீட்டில் ஒருவரை மெதுவாகத் தள்ளிப் பார்க்கச் சொல்லுங்கள். இங்கேதான் விஷயம் இருக்கிறது. அவர் தள்ளியும் பூட்டு விழுந்த கதவுபோல அதே இடத்தில் நின்றால், மூட்டு உறை இறுகியிருக்கிறது. இதைத்தான் ஃப்ரோசன் ஷோல்டர் என்கிறார்கள். அவர் தள்ளினால் போகிறது, உங்களால்தான் முடியவில்லை என்றால் தசைநாண் கிழிசலோ நரம்பு பலவீனமோ. பலர் கையைத் தூக்கிப் பார்த்துவிட்டு "தூக்க முடியுதே" என்று விட்டுவிடுகிறார்கள். தூக்கும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே சுழன்று ஏமாற்றும். வெளிப்பக்கத் திறப்பில் அந்த ஏமாற்று அவ்வளவாக நடக்காது, இறுக்கம் முதலில் தெரிவதும் அங்கேதான்.

அடுத்து, கையைப் பக்கவாட்டில் மெதுவாகத் தூக்குங்கள். 60 பாகையிலிருந்து 120 வரை மட்டும் சுரீரென்று வலித்து, அதைத் தாண்டினால் குறைந்தால் தோளின் மேல் தசைநாண். பிறகு தலையை வலிக்கிற பக்கம் திருப்பி லேசாக மேலே பாருங்கள். மின்னல்போல் கைக்குள் இறங்கினால் கழுத்து. உடனே நிறுத்திவிட வேண்டும், அழுத்திப் பார்க்கக் கூடாது. வலிக்கிற கையைத் தலைமேல் வைத்துக்கொண்டால் சுகமாக இருக்கிறதா? அதுவும் கழுத்து நரம்புக்கு உரிய அடையாளம். பஸ்ஸில் சிலர் கையைத் தலைமேல் வைத்தபடியே வருவதைப் பார்த்திருப்பீர்கள்.

ஸ்கேனைப் பற்றி ஒரு வார்த்தை. ஜப்பானில் கழுத்தில் எந்தத் தொந்தரவும் இல்லாத 1,211 பேருக்கு எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தார்கள். 2015இல் வெளியான அந்த ஆய்வில் 87.6 சதவீதம் பேருக்கு டிஸ்க் பிதுக்கம் இருந்தது. ஆகவே ரிப்போர்ட்டில் "பல்ஜ்" என்று இருந்தாலே அதுதான் காரணம் என்று முடிவுகட்டக் கூடாது. மரக்கிற விரலும் பிதுங்கிய இடமும் ஒத்துப்போக வேண்டும். நரம்புச் சோதனையும் வலி வந்த முதல் இரண்டு மூன்று வாரத்தில் எடுத்தால் ஒன்றுமில்லை என்றே வரலாம். பணமும் போய், நம்பிக்கையும் போகும்.

ஸ்கேனுக்கு முன்னால் நான் கேட்கச் சொல்வது ரத்தப் பரிசோதனை. மூன்று மாத சராசரி சர்க்கரை (HbA1c என்று எழுதுவார்கள்; 6.5 சதவீதமோ அதற்கு மேலோ இருந்தால் சர்க்கரை நோய், 5.7 முதல் 6.4 வரை எல்லைக்கோடு), தைராய்டு. தோள் இறுகி வந்தவருக்கு அப்போதுதான் முதன்முதலாகச் சர்க்கரை தெரியவருவது சாதாரணம்.

தோள் இறுகினால்

ஃப்ரோசன் ஷோல்டர் என்ற பெயரை 1934இல் வைத்தவர் அமெரிக்க அறுவை மருத்துவர் எர்னஸ்ட் காட்மன். 40லிருந்து 60 வயதுக்குள், பெண்களுக்கு அதிகம். பொதுவாக நூற்றில் 2 முதல் 5 பேருக்கு வருவது, சர்க்கரை உள்ளவர்களில் 10 முதல் 20 பேருக்கு வருகிறது என்பது மருத்துவர்கள் சொல்லும் கணக்கு. ஜாக்கெட்டின் பின்கொக்கி மாட்ட முடியாது, கொடியில் துணி போட முடியாது, பேன்ட் பின்பாக்கெட்டில் பர்ஸ் எடுக்க முடியாது. இப்படித்தான் தொடங்கும்.

இது மூன்று கட்டமாகப் போகும். முதல் சில மாதங்கள் வலி அதிகம், இறுக்கம் கொஞ்சம் கொஞ்சமாகக் கூடும். அடுத்து வலி குறையும், இறுக்கம் அப்படியே நிற்கும். கடைசியில் மெல்ல இளகும். மொத்தம் ஒன்று முதல் மூன்று ஆண்டு ஆகலாம். எந்தக் கட்டத்தில் இருக்கிறோம் என்று தெரியாமல் செய்யும் பயிற்சிதான் பலரைக் கெடுக்கிறது. வலிக் கட்டத்தில் கையைப் பிடித்து முரட்டுத்தனமாக இழுத்தால் உறை இன்னும் வீங்கும், அன்றிரவு தூக்கம் போகும். இறுக்கக் கட்டத்தில் வலிக்குப் பயந்து சும்மா இருந்தால் வந்த இறுக்கம் அங்கேயே தங்கும். ஓர் அளவுகோல்: பயிற்சியின்போது வலி 4ஐத் தாண்டக் கூடாது, முடித்து ஒரு மணி நேரத்துக்குள் பழைய நிலைக்கு வர வேண்டும். அன்றிரவு கூடினால் மறுநாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்கள், விட்டுவிடாதீர்கள்.

வலிக் கட்டத்துக்கு ஊசல் பயிற்சி. இதுவும் காட்மன் பெயரிலேயே வழங்குகிறது. சமையல் மேடையை நல்ல கையால் பிடித்து, இடுப்பை வளைத்துக் குனிந்து, கெட்ட கையைக் கிணற்று வாளிபோல் தொங்கவிடுங்கள். இடுப்பை முன்னும் பின்னும் ஆட்டினால் கை தானாக ஆடும். முன்பின் 10, பக்கவாட்டில் 10, சின்ன வட்டம் இரு திசையிலும் பத்துப் பத்து. ஒரு நாளைக்கு மூன்று வேளை. இதில் எல்லாரும் செய்யும் தவறு, கைத் தசையால் கையை ஆட்டுவது. விரல்கள் தளர்ந்து தொங்குகின்றனவா என்று பாருங்கள். விரல் விறைத்திருந்தால் தோளும் விறைத்திருக்கிறது. வலி ஓரளவு அடங்கிய பிறகு அரை லிட்டர் தண்ணீர் பாட்டிலைப் பிடித்துக்கொள்ளலாம், அதற்கு மேல் வேண்டாம்.

இறுக்கக் கட்டத்துக்கு மாப்பு குச்சி. மல்லாந்து படுத்து, கெட்ட கையின் முழங்கைக்குக் கீழே மடித்த துண்டு ஒன்று. குச்சியை இரண்டு கையாலும் பிடித்து, நல்ல கையால் கெட்ட கையை வெளிப்பக்கம் தள்ளுங்கள். இழுக்கிற இடத்தில் 20 முதல் 30 நொடி, ஐந்து தடவை. அடுத்தது சுவர் ஏறுவது: சுவரைப் பார்த்து நின்று விரல்களைச் சிலந்திபோல் நகர்த்தி மேலே கொண்டுபோய், எட்டிய இடத்தில் பென்சிலால் கோடும் தேதியும். தோளைக் காதுக்குத் தூக்கிக்கொண்டும், குதிகாலை உயர்த்திக்கொண்டும் போடும் கோடு பொய்க் கோடு. வாரத்துக்கு ஒரு கோடு போதும். தினமும் அளந்தால் மனம் சோர்ந்துபோகும், இதில் முன்னேற்றம் அவ்வளவு மெதுவாகத்தான் வரும்.

மூட்டுக்குள் போடும் ஸ்டீராய்டு ஊசி முதல் கட்டத்தில் வலியை நன்றாகக் குறைக்கும். அந்த இடைவெளியில் பயிற்சி செய்தால்தான் ஊசிக்குப் பலன். சர்க்கரை உள்ளவர்களுக்கு ஊசிக்குப் பிறகு சில நாட்கள், சில சமயம் ஒரு வாரம் வரை அளவு எகிறும். முன்கூட்டியே சொல்லி மாத்திரை அளவைக் கேட்டுக்கொள்ளுங்கள்.

தசைநாண் வலிக்கு இழுப்பதைவிடப் பாரம் கொடுப்பதுதான் மருந்து. முழங்கையை மடக்கி, முஷ்டியைச் சுவரில் வைத்து, கை நகராமல் பக்கவாட்டில் 30 முதல் 45 நொடி அழுத்தம், ஐந்து தடவை. பொறுத்துப்போனால் சில வாரத்தில் அரை லிட்டர் பாட்டிலைத் தூக்குவதற்கு மாறலாம். 12 வாரம் ஒதுக்க வேண்டும். மூன்றாம் வாரத்தில் "பலனில்லை" என்று விட்டுவிடுவதுதான் அதிகம் நடக்கிறது. கழுத்து நரம்பு வலி பெரும்பாலோருக்கு 6 முதல் 12 வாரத்தில் தானே இறங்கும், பலவீனம் கூடாத வரை. மணிக்கட்டு நரம்புக்கு, மணிக்கட்டை நேராகப் பிடிக்கும் பட்டையை ஆறு வாரம் இரவில் கட்டிப் பாருங்கள்.

இரவும் வேலையும்

தூக்கம் போனால் வலி இரட்டிப்பாகத் தெரியும். மல்லாந்து படுத்தால் முழங்கைக்குக் கீழே ஒரு மடித்த போர்வை, கை உடம்பின் மட்டத்தைவிடத் தாழாமல். ஒருக்களித்துப் படுத்தால் நல்ல பக்கம் கீழே, நெஞ்சோடு ஒரு தலையணை, அதன்மேல் வலிக்கிற கை. கழுத்து வலிக்குத் தலையணை உயரம் காதுக்கும் தோள் விளிம்புக்கும் நடுவே உள்ள இடைவெளி அளவு. தலையணையே இல்லாமல் தரையில் படுத்தால் சரியாகும் என்பது எல்லாருக்கும் பொருந்தாது.

கல்லுப்பு ஒத்தடமும் நொச்சித் தழை ஒத்தடமும் நல்லதே. 15 நிமிடம், துணி இரண்டு மடிப்பு, முதலில் நல்ல கையின் உட்புறத்தில் சூடு பார்த்துவிட்டு. மரத்துப்போன இடத்தில் மட்டும் வைக்காதீர்கள், வெந்த பிறகுதான் தெரியும். எண்ணெய் தடவி மெல்ல நீவலாம். சலூனில் முடிவெட்டிய கையோடு கழுத்தைத் திருப்பிச் சொடக்கெடுப்பதை மட்டும் தயவுசெய்து விட்டுவிடுங்கள். கழுத்தெலும்புகளின் வழியாக மூளைக்கு ரத்தக் குழாய் போகிறது, அந்தக் குழாய் கிழிந்தால் பக்கவாதம் வரை போகும். சுளுக்கு என்று மூன்று நான்கு வாரம் தோளைக் கட்டி வைப்பதும் இறுக்கத்தை வரவழைக்கும்.

வேலையை நிறுத்தச் சொல்லவில்லை, நிறுத்தவும் முடியாது. தேவனாம்பட்டினத்தில் வலை இழுப்பவர் கையால் மட்டும் இழுக்காமல் பின்காலில் எடையைச் சாய்த்து, முழங்கை விலாவை ஒட்டியபடி இழுத்தால் தோளுக்குப் பாரம் குறையும். பண்ருட்டிப் பக்கம் முந்திரி உடைப்பவருக்கு ஒரே அசைவு நாள் முழுக்க. அரைமணிக்கு ஒருமுறை இரண்டு நிமிடம் எழுந்து தோளைப் பின்னால் சுழற்ற வேண்டும், மேடை முழங்கை உயரத்தில் இருக்க வேண்டும். குடத்தை இரண்டு பக்க இடுப்புக்கும் மாற்றி மாற்றி வையுங்கள், முழுக் குடத்துக்குப் பதில் அரைக் குடம் இரண்டு நடை. கடலூர் - புதுச்சேரி பஸ்ஸில் நின்று போகும்போது மேல்கம்பியைப் பிடிக்காமல் சீட்டின் கைப்பிடியைப் பிடியுங்கள். பிரேக் போட்டால் தூக்கிய கையின் தசைநாண்தான் மொத்த உடம்பையும் தாங்கும்.

மாத்திரையில் ஒரே ஒரு எச்சரிக்கை. மெடிக்கலில் பேர் இல்லாத பொட்டலத்தில் கொடுக்கும் "செட் மாத்திரை" வேண்டாம். அதில் ஸ்டீராய்டு கலந்திருக்கலாம், சர்க்கரையும் பிரஷரும் ஏறுவது பிறகுதான் தெரியும். டைக்லோஃபெனாக், அசிக்ளோஃபெனாக் போன்றவை சிறுநீரகக் கோளாறு, வயிற்றுப் புண், இதய நோய் உள்ளவர்களுக்கு ஆபத்து. பாராசிட்டமால் 650 பாதுகாப்பானது என்றாலும் எல்லா மாத்திரையும் சேர்த்து ஒரு நாளைக்கு 3 கிராமைத் தாண்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். சளி மாத்திரைக்குள்ளும் அது இருக்கும். நரம்பு வலிக்குக் கொடுக்கும் பிரிகாபலின் தூக்கக் கலக்கம் தரும். முதல் வாரம் வண்டி ஓட்டாதீர்கள், நிறுத்துவதானாலும் டாக்டர் சொன்னபடி படிப்படியாக.

கடலூர் பக்கம் வீட்டைவிட்டு வர முடியாத பெரியவர்களுக்கு, 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் இயன்முறை மருத்துவர் வீட்டுக்கே வருவது உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்தில் கேட்டால் பேர் எழுதிக்கொள்வார்கள்.

மருத்துவமனைக்குப் போகும்போது ஏழு நாள் தாளைச் சுருக்கி ஒரு துண்டில் எழுதிக்கொள்ளுங்கள். கூட்டத்தில் டாக்டருக்குக் கிடைக்கும் சில நிமிடத்தில் அவர் தேடுவது இவ்வளவுதான்:

"வலது தோள், வெளிப்பக்கம். 4 மாதமாக. குடைச்சல். பகலில் 3, இரவு 2 மணிக்கு 7. விரல் மரக்கவில்லை. கதவுபோல் திறந்தால் பாதியில் நிற்கிறது, மற்றவர் தள்ளினாலும் போகவில்லை. அடிபடவில்லை. சர்க்கரை 9 வருடம், மூணு மாத சராசரி 8.4. சாப்பிடும் மாத்திரைகள் பின்பக்கம்."